கோட்டை ஊரில் புது அருங்காட்சியகம்: பூமிக்குள் இறக்குவதா, மேலே எழுப்புவதா?

#1 மணல்மேடு

எல்லாருக்கும் வணக்கம். பி.ஆர்க் கடைசி ஆண்டு படிக்கிறேன். தீசிஸுக்குத் தரங்கம்பாடியில் ஒரு கடல் வணிக அருங்காட்சியகத்தை எடுத்திருக்கிறேன். முதல் ரிவ்யூவுக்கு வந்த தேர்வாளர் மாடலைப் பார்த்ததும், "கோட்டை பக்கத்துல என்னப்பா இந்தக் கண்ணாடிப் பெட்டி? ஓட்டுக் கூரையும் நாலு தூணும் போட்டு எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அன்றிலிருந்து டென்மார்க்கில் ஹெல்சிங்கோர் ஊரில் இருக்கும் கடல்சார் அருங்காட்சியகத்தின் படங்களையும் வரைபடங்களையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குரோன்போர்க் கோட்டைக்கு எதிரே கட்டியிருக்கிறார்கள், ஆனால் தரைக்கு மேலே கட்டடம் என்று ஒன்றும் தெரிவதில்லை. அங்கேயும் டேனிஷ் கோட்டை, இங்கேயும் டேனிஷ் கோட்டை. கோட்டையை மறைக்காமல் நானும் முழுக்கக் கீழே இறக்கிவிட்டால் ஓட்டுக் கூரை பிரச்சினையே வராதே என்று தோன்றுகிறது.

இது சரியான பாதையா? பெரியவர்கள் சொல்லுங்கள்.

#2 சுங்கந்தவிர்த்தான்

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் ஹெல்சிங்கோரில் நடந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொல்கிறீர்கள். முழுசாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

அந்த ஊரே ஒரு சுங்கச்சாவடி. ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் நடுவில் ஓரசுன் நீரிணை இருக்கிறது. ஹெல்சிங்கோர் பக்கம் அது ஒடுங்கி நாலு கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிடும். பால்டிக் கடலுக்குப் போகிற வருகிற கப்பல் அந்த வழியாகப் போனால் கப்பம் கட்டியாக வேண்டும். 1429இல் ஆரம்பித்த வசூல் 1857 வரை நடந்தது. நம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்துப் பெயர் வாங்கினான். டேனிஷ் ராஜாக்கள் 428 வருடம் சுங்கம் வாங்கி, அந்தப் பணத்தில் கோட்டையை இழைத்துக் கட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் குரோன்போர்க், இரண்டாம் பிரெடரிக் 1574 முதல் 1585 வரை கட்டியது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் நடப்பதாகச் சொல்லும் கோட்டையும் அதுதான். 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கடல்சார் அருங்காட்சியகம் 1915 முதல் அந்தக் கோட்டைக்குள்ளேயேதான் இருந்தது. கோட்டையைக் கோட்டையாகவே காட்ட வேண்டும் என்றால் இதை வெளியே கொண்டுபோக வேண்டும். எங்கே? பக்கத்தில் 1882இல் தொடங்கி 1983இல் மூடிய ஒரு கப்பல் கட்டும் தளம் கிடக்கிறது. அந்தத் தளத்தில் ஒரு டிரை டாக். கப்பலை உள்ளே விட்டு, கதவை அடைத்து, தண்ணீரை இறைத்துவிட்டு அடிப்பாகத்தை வேலை பார்ப்பார்களே, அந்தப் பள்ளம். சுமார் 150 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், எட்டு மீட்டர் ஆழம். அங்கேதான் அருங்காட்சியகம் வர வேண்டும், கோட்டையைப் பார்க்கும் பார்வையைத் தடுக்கும்படி எதுவும் தரைக்கு மேலே எழும்பக் கூடாது என்பது நிபந்தனை.

கவனியுங்கள், "கீழே இறங்கலாமா" என்பது அங்கே கட்டடக் கலைஞருக்குக் கேள்வியே இல்லை. அது முன்கூட்டியே முடிவான விஷயம். பள்ளமும் ஏற்கெனவே இருக்கிறது. சாதாரணமாக யாராக இருந்தாலும் அந்தப் பள்ளத்துக்குள் இரண்டு மாடி போட்டு, மேலே மூடி, ஒரு பிளாசா அமைத்துவிட்டுப் போயிருப்பார்கள். டேனிஷ் கட்டடக் கலைஞர் பியார்கே இங்கெல்ஸின் பிக் நிறுவனம் பள்ளத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டு, அதன் சுவருக்கு வெளிப்பக்கம் சுற்றிலும் மண்ணைத் தோண்டி, கூடங்களை வளையமாக வைத்தது. கப்பல் உரசிய தழும்போடு டாக்கின் கான்கிரீட் சுவர் அப்படியே நிற்கிறது, வானம் பார்த்தபடி. அருங்காட்சியகத்தின் மிகப் பெரிய காட்சிப் பொருளே அந்தப் பள்ளம்தான். 2013 அக்டோபரில் திறந்தார்கள்.

இங்கே எது எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் என்று கேட்டால், எதைக் காலியாக விடுவது என்று அவர்கள் எடுத்த முடிவைத்தான் சொல்வேன். பூமிக்குள் போனது அந்த இடத்துக்கு வாய்த்தது, அவ்வளவுதான்.

#3 வேப்பமர நிழல்

> தரைக்கு மேலே கட்டடம் என்று ஒன்றும் தெரிவதில்லை

இதற்குத்தான் எல்லாரும் கை தட்டுகிறீர்கள் என்பதைக் கவனித்தீர்களா? புதுக் கட்டடம் கண்ணில் படவில்லை என்பதே அதன் பெருமை! அப்படியானால் பழைய ஊரில் இந்தக் காலத்து ஆட்கள் எதைக் கட்டினாலும் அது ஒளித்து வைக்க வேண்டிய பொருள் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

என் கட்சி எளிது. ஊருக்கு ஒரு முகம் இருக்கிறது. அதைக் கெடுக்காதே. லிவர்பூல் துறைமுகம் 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குள் வந்தது, 2021இல் வெளியே தள்ளப்பட்டது. கரையோரம் "வளர்ச்சி வளர்ச்சி" என்று இஷ்டத்துக்குக் கட்டியதன் பலன். தரங்கம்பாடி பட்டியலிலேயே இல்லாத ஊர், அதற்குள் நாம் கெடுத்துவிட வேண்டாம். அந்தத் தேர்வாளர் சொன்ன ஓட்டுக் கூரையில் என்ன தப்பு?

#4 சுங்கந்தவிர்த்தான்

வேப்பமரம் ஐயா, லிவர்பூல் கதையில் அருங்காட்சியகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அங்கே கரையில் 2011இல் ஒரு நகர அருங்காட்சியகம் வந்தது, உண்மை. கோபன்ஹேகன்காரர்களான 3எக்ஸ்என் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. அழகில்லை என்று பலர் திட்டியதும் உண்மை. ஆனால் பட்டியலிலிருந்து நீக்கியபோது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு முன்வைத்த முக்கியக் காரணங்கள் வேறு: வடக்குத் துறைப் பகுதியில் வரவிருந்த லிவர்பூல் வாட்டர்ஸ் என்ற பெரிய ரியல் எஸ்டேட் திட்டம், பிராம்லி மூர் டாக்கை நிரப்பி எழுப்பவிருந்த கால்பந்து மைதானம். டாக்கை நிரப்பி! ஹெல்சிங்கோர்க்காரர்கள் ஒரு டாக்கைக் காலியாக வைக்கப் படாத பாடு பட்டார்கள் என்பதோடு சேர்த்துப் படியுங்கள்.

"ஒளிந்தால்தான் மரியாதை" என்பதையும் நான் ஏற்கவில்லை. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் மாஸ் என்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய துறைமுகப் பகுதியில், இரண்டு நீர்த்துறைகளுக்கு நடுவே, கிட்டத்தட்ட 60 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. நியூட்லிங்ஸ் ரீடைக் என்ற கட்டடக்கலை நிறுவனம் செய்தது, 2011இல் திறப்பு. முன்பு அதே இடத்தில் ஹன்சா என்ற வட ஐரோப்பிய வணிகக் கூட்டமைப்பின் பெரிய மாளிகை இருந்தது, 1893இல் எரிந்துபோனது. ஆகவே அந்த இடத்துக்குப் பெரிய கட்டடம் புதிதல்ல. சுவரில் பதித்திருக்கும் சிவப்பு மணற்கல் எங்கிருந்து போனது தெரியுமா? நம் இந்தியாவிலிருந்து, ஆக்ரா பக்கத்துக் கல்.

எனக்கு அதில் பிடித்தது கல் இல்லை. காட்சிக்கூடங்களை மூடிய பெட்டிகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு மாடியையும் கால் சுற்று திருப்பி வைத்திருக்கிறார்கள். அப்படித் திருப்பியதில் கிடைத்த வெளிவளைவு முழுக்க நெளிநெளியான கண்ணாடி, உள்ளே நகரும் படிக்கட்டு. அதில் ஏறி மொட்டை மாடி வரை போக டிக்கெட் வேண்டாம். ஆறும் துறைமுகமும் தேவாலயக் கோபுரமும் ஊர்க்காரனுக்கு இலவசம். அருங்காட்சியகத்துக்குள் ஒருநாளும் நுழையாத ஆள்கூட விருந்தாளியை மேலே அழைத்துப் போய்க் காட்டுவான்.

ஓட்டுக் கூரைக்கு வருகிறேன். கோட்டை 1620இல் கட்டியது. 2020களில் கட்டியதை 1620இல் கட்டியது மாதிரி காட்டினால் அடுத்த தலைமுறைக்கு எது அசல், எது நகல் என்றே தெரியாமல் போகும். கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் செட்டிநாட்டுத் தூண் நிற்கவில்லையா? பார்த்தவுடன் தெரிகிறதா இல்லையா?

#5 வேப்பமர நிழல்

ரிசார்ட் தூணை எனக்கும் பிடிக்காது, சரி. ஆனால் 60 மீட்டரைத் தரங்கம்பாடியில் யாரும் யோசிக்காதீர்கள்.

#6 தூண்_உத்திரம்

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். அழகு பற்றி அண்ணன்கள் பேசுங்கள், நான் தண்ணீர் பற்றிப் பேசுகிறேன்.

கடலோரத்தில் நிலவறை என்றால் எல்லாரும் "ஒழுகுமே" என்று பயப்படுவார்கள். ஒழுகல் இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை மிதப்பது. காலி அண்டாவைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், கையை எப்படித் தள்ளுகிறது! நிலத்தடி நீர் நிறைந்த மண்ணுக்குள் நீங்கள் வைக்கும் காலியான கான்கிரீட் பெட்டியையும் தண்ணீர் அப்படித்தான் மேலே தள்ளும்.

கணக்கு போடுவோம். ஹெல்சிங்கோர் டாக் எட்டு மீட்டர் ஆழம். நீர்மட்டம் தரையிலிருந்து ஒரு மீட்டர் கீழே என்று வைத்துக்கொண்டால், அடித்தளத்தை மேல்நோக்கித் தள்ளும் தண்ணீர் ஏழு மீட்டர் உயரம். அதாவது சதுர மீட்டருக்கு 7 டன். டாக்கின் பரப்பு 150 பெருக்கல் 25, அதாவது 3,750 சதுர மீட்டர். மொத்தம் 26,000 டன்னுக்கு மேல். கான்கிரீட் எடையை மட்டும் வைத்து இதை அமுக்கிப் பிடிக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்று மீட்டர் கனத்துக்கு அடித்தளம் போட வேண்டும். இது டாக்குக்கு மட்டும். சுற்றிலும் புதிதாகத் தோண்டிய கூடங்களுக்குத் தனிக் கணக்கு. அதனால்தான் அங்கே நூற்றுக்கணக்கில் நில நங்கூரங்களை ஆழமாக இறக்கிக் கட்டடத்தை மண்ணோடு பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். ராம்போல் என்ற டேனிஷ் பொறியியல் நிறுவனத்தின் வேலை. படத்தில் பார்க்கும்போது அமைதியாக ஒரு பள்ளம். அதற்கு அடியில் இருபத்துநாலு மணி நேரமும் இழுபறி.

இப்போது தரங்கம்பாடி. அங்கே தயாராகத் தோண்டிய டாக் கிடையாது. மணல், உப்புத் தண்ணீர், நீர்மட்டம் கைக்கெட்டும் ஆழத்தில். தோண்டும் காலம் முழுக்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைக்க இறைக்கப் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் இருக்கிற தண்ணீரும் சேர்ந்து இறங்கும், மண் அமுங்கும். பக்கத்து வீடு என்றால் அங்கே சுண்ணாம்புக் காரையில் கட்டிய இருநூறு வருடச் சுவர். இன்னொரு பக்கம் கடல் நீர் ஊர்க் கிணறுகளுக்குள் ஏறும். எல்லாம் முடிந்து கட்டினாலும் உப்புத் தண்ணீரின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தின்ன ஆரம்பிக்கும். கோட்டையின் பார்வையைக் காப்பாற்றப் போய்க் கோட்டைச் சுவரில் விரிசல் விட்டுவிடக் கூடாது.

பணம் இருந்தால் எல்லாம் முடியும், மறுக்கவில்லை. பராமரிப்புக்கு ஐம்பது வருடம் பணம் வருமா என்பதுதான் என் கேள்வி.

#7 அலையாத்தி

அருங்காட்சியகத்தில் பொருள் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். கட்டடக் கலைஞர்கள் எங்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகு, "மேடம், இந்த ஹாலில் துணி வைக்கலாமா?" என்று. மேற்கே பார்த்த கண்ணாடிச் சுவர் இருக்கும்!

கடல் வணிக அருங்காட்சியகம் என்றால் உள்ளே என்ன வரும்? கடிதம், கடல் வரைபடம், சாயத் துணி, மரம், இரும்பு. காகிதத்துக்கும் துணிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. ஈரப்பதம் பொதுவாக ஐம்பது சதவீதத்தை ஒட்டி, ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். நம் கிழக்குக் கரையில் வெளியே 80க்கு மேல் ஓடும். அந்த உப்புக் காற்றைக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே விட்டால் இரும்பு ஆணி துருப் பூக்க ஆரம்பித்துவிடும். ஆகவே கூடங்கள் மூடிய பெட்டியாக இருக்க வேண்டும், கடலைப் பார்க்கும் இடம் வேறாக இருக்க வேண்டும். சுங்கந்தவிர்த்தான் சொன்ன ஆன்ட்வெர்ப் அமைப்பு எனக்கு அதனால்தான் பிடிக்கும். வெளிச்சம் பார்வையாளருக்கு, இருட்டு பொருளுக்கு.

நிலவறையில் வெளிச்சத் தொல்லை இல்லை, வெப்பநிலை நிலையாக இருக்கும். ஆனால் வெள்ளம்? பாரிஸில் 2016 ஜூனில் சேன் ஆறு ஏறியபோது லூவ்ர் அருங்காட்சியகத்தை மூடிவிட்டு நிலவறைச் சேமிப்பிலிருந்த பொருள்களை மேலே தூக்கினார்கள். அப்படி ஓர் ஆபத்து இருக்கிறது என்றுதான் வட பிரான்சில் லியேவென் என்ற ஊரில் தனியாகப் பாதுகாப்பகம் கட்டி, 2019 முதல் சேமிப்பை அங்கே மாற்றத் தொடங்கினார்கள். லூவ்ருக்கே இந்தப் பாடு. மேலே காட்சிக்கு இருக்கும் பொருளை விடப் பல மடங்கு சேமிப்பறையில் இருக்கும், மாணவர்கள் பிளானில் அதற்கு ஒரு மூலையில் சின்ன அறை வரைந்துவிட்டு "ஸ்டோர்" என்று எழுதிவிடுகிறார்கள். தம்பி, அந்தப் பழக்கம் வேண்டாம்.

#8 காலிமுகம்

கொழும்பில் இருந்து எழுதுகிறேன். அலையாத்தி அக்கா சொன்னதற்கு எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கிறது, சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இலங்கையின் காலி என்ற ஊர்க் கோட்டைக்குள் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துப் பெரிய பண்டகசாலை இருக்கிறது. பழைய கட்டடத்தையே கடல்சார் அருங்காட்சியகம் ஆக்கினார்கள், புதிதாக எதுவும் எழுப்பவில்லை. காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தர் கப்பலைக் கடலடியில் அகழ்ந்தார்கள். எடுத்த பொருள்களைப் பக்குவப்படுத்தும் கூடம் கரையோரத்திலேயே இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தக் கூடத்தை அழித்துவிட்டது. முந்நூற்றுச் சொச்சம் வருடம் கடலுக்கடியில் கிடந்து தப்பித்த பொருள்களில் பல, கரைக்கு வந்த பிறகு தொலைந்துபோயின.

பழைய கட்டடத்தை மறுபடி பயன்படுத்துவது நல்லது என்றுதான் நானும் நினைப்பேன். ஆனால் கரை ஓரத்தில் எதை வைக்கலாம், எதை ஊருக்கு உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கத்தான் வேண்டுமா?

#9 கடைத்தெரு

நான் தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர். உங்கள் விவாதத்தில் கோட்டை வருகிறது, டேனிஷ்காரர் வருகிறார், மீனவர் மட்டும் வரவே இல்லை. சுனாமியில் அந்தக் கரை பறிகொடுத்த உயிர்கள் கொஞ்சமா? இன்றும் கரைக்கு வழி வேண்டும், வலை காய, படகு இழுக்க இடம் வேண்டும். அருங்காட்சியகம் என்று வந்தால் முதலில் வேலி வரும், அப்புறம் வாட்ச்மேன் வருவார், அப்புறம் கார் பார்க்கிங். அந்த இடம் யாருடையது என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மாசிலாமணி நாதர் கோயிலைப் போய்ப் பாருங்கள். 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கல்லால் கட்டிய கோயிலுக்கே அந்தக் கதி. அந்தக் கரையில் குழி தோண்டி அருங்காட்சியகமா? தைரியம்தான்.

#10 சுங்கந்தவிர்த்தான்

கடைத்தெரு சொன்னது விவாதத்தின் நடுவில் வந்திருக்கிறது, ஆனால் முதலிலேயே வந்திருக்க வேண்டிய விஷயம்.

இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊர். துறைமுகம் இல்லாமல் கரையிலிருந்தே படகைக் கடலுக்குத் தள்ளும் மீனவர்கள் இன்னும் அங்கே தொழில் செய்கிறார்கள். கரையில் உயரமான கறுப்பு மரக் கொட்டகைகள் வரிசையாக நிற்கும், வலையும் கயிறும் வைக்க. தார் பூசியதால் வந்த கறுப்பு. அந்தக் கரையில், சுற்றுலாப் பேருந்துகள் நிறுத்தும் இடத்தில், ஒரு ஓவியக் கூடம் வரப்போகிறது என்றதும் மீனவர்களும் ஊர்க்காரர்களும் கொதித்துவிட்டார்கள். வேண்டாம் என்று பலகைகள் எழுதி வைத்துப் போராட்டம். கூடம் வந்தது, 2012இல். ஹாட் புராஜெக்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் வடிவமைத்தது. உயரத்தை அடக்கி, வெளிச்சுவருக்குக் கறுப்பு மெருகு ஓடுகள் பதித்தார்கள். கொட்டகையைப் போலச் செய்யவில்லை, கொட்டகைகளின் கறுப்போடு பொருந்தும்படி விட்டார்கள். வேப்பமரம் ஐயா, உங்களுக்கு இந்த வழி பிடிக்கும் என்று நினைக்கிறேன். கட்டடம் பற்றிக் கட்டடக்கலை உலகம் நல்லபடியாகவே எழுதியது. ஆனால் எங்களிடம் எப்போது கேட்டீர்கள் என்ற மீனவரின் கேள்விக்கு மெருகு ஓடு பதிலாகாது.

மார்கேட் என்ற இன்னோர் ஊரின் கதையும் உண்டு. முதலில் ஸ்னோஹெட்டா என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் திட்டம்: ஓவியக் கூடத்தையே துறைமுகத் தடுப்புச் சுவரை ஒட்டிக் கடலுக்குள் நிறுத்துவது. படம் பிரமாதம். செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போய் 2006இல் கைவிட்டார்கள். பிறகு கட்டடக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்ட் அதே ஊரில் கரைமேல், மேடை எழுப்பி, சாய்ந்த கூரையில் வடக்கு வெளிச்சம் வாங்கி, வெள்ளைக் கண்ணாடி போர்த்திய கூடங்களைக் கட்டினார். 2011இல் திறந்தது. ஓவியர் டர்னர் வந்து தங்கும் விடுதி இருந்த இடம் அது. அந்த வெளிச்சத்துக்காகத்தான் அவர் மார்கேட்டுக்கே வந்தார், கட்டடமும் அதையே பிடித்துக்கொண்டது. மேடைமேல் நிற்பதால் அலை எகிறினாலும் சமாளிக்கும்.

#11 மணல்மேடு

எல்லாருக்கும் நன்றி. தூண்_உத்திரம் சார் கணக்கைப் பார்த்ததும் நிலவறை ஆசை போய்விட்டது. ஆனால் அப்படியானால் ஹெல்சிங்கோரை என் தீசிஸில் பேசவே கூடாதா? என் கதையே அதுதான். கப்பல் புறப்பட்ட கரை ஒன்று, வந்து சேர்ந்த கரை ஒன்று என்று இரண்டையும் சேர்த்து வைக்கலாம் என்றிருந்தேன்.

#12 சுங்கந்தவிர்த்தான்

தாராளமாகப் பேசுங்கள். 1618 நவம்பரில் டேனிஷ் தளபதி ஓவே யெட்டேவின் கப்பல்கள் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பின. வடகடலுக்குப் போக அந்த நீரிணைதான் வழி, குரோன்போர்க் கோட்டைக்குக் கீழேதான் போயாக வேண்டும். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம். கோட்டை எழுந்தது. 1845இல் ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நாடகம் மாதிரி இருக்கிறது, விடாதீர்கள்.

ஆனால் ஹெல்சிங்கோரிலிருந்து எதை எடுப்பது என்பதில்தான் வித்தியாசம். உங்கள் இடத்தில் டாக் எது என்று தேடிப் பாருங்கள். என்னைக் கேட்டால் கோட்டைக்கு எதிரே இருக்கும் பழைய அணிவகுப்பு மைதானம். ஒரு பக்கம் கோட்டை, ஒரு பக்கம் பழைய கவர்னர் பங்களா, இன்னொரு பக்கம் கடல். அந்த வெளியின் மதிப்பே அது வெளியாக இருப்பதுதான். உங்கள் முதல் மாடலின் கண்ணாடிப் பெட்டி எங்கே உட்கார்ந்திருந்தது? படம் போடவில்லை, ஆனால் மைதானத்தின் மேல்தான் இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அப்படியானால் தேர்வாளர் கோபப்பட்டதில் நியாயம் உண்டு, தீர்வாகச் சொன்ன ஓட்டுக் கூரையில்தான் நியாயம் இல்லை.

ஹெல்சிங்கோரில் இன்னொன்றையும் பாருங்கள். பள்ளத்தின் குறுக்கே போகும் பாலங்கள். ஒன்று டாக்கின் வாயை அடைத்தபடியே துறைமுக நடைபாதையாகவும் இருக்கிறது. ஊர்க்காரர் நடந்துபோகிற வழி அது. இன்னொன்று வளைந்து வளைந்து மெல்லச் சரிந்து வாசலுக்கு இறக்கிவிடும். அருங்காட்சியகத்துக்கு வராதவனும் அதன் வழியாகப் போகிறான், குனிந்து பார்க்கிறான். கடைத்தெரு கேட்ட வேலிக்கு அங்கே இடமே இல்லாமல் செய்திருக்கிறார்கள். உங்கள் பிளானில் மீனவர் கரைக்குப் போகும் வழி எது? அதை முதலில் வரையுங்கள், கட்டடம் அதற்குப் பிறகு.

#13 வேப்பமர நிழல்

மைதானத்தைக் காலியாக விடுவதென்றால் நான் இந்தப் பக்கம் வந்துவிடுகிறேன். ஆனால் கட்டடம் எங்கே போகும்?

#14 அலையாத்தி

காலிமுகம் தம்பி சொன்னபடி பிரித்துவிடலாமே. சேமிப்பும் பாதுகாப்புக் கூடமும் உள்ளே, ஊர்வாசல் பக்கம், 1792இல் கட்டிய அந்த வாசலைத் தாண்டி மேற்கே. கடலிலிருந்து தள்ளி இருக்கும். காகிதம், துணி எல்லாம் அங்கே. ராஜ வீதியில் பாழடைந்து கிடக்கும் வீடு ஏதாவது இருந்தால் அதில் காட்சிக்கூடம். கோட்டையில் மாநிலத் தொல்லியல் துறையின் சின்ன அருங்காட்சியகம் ஏற்கெனவே இருக்கிறது, அதோடு போட்டி போட வேண்டாம், சேர்ந்து போங்கள். கரையில் வைக்கவேண்டியது உப்புக்கும் வெயிலுக்கும் பயப்படாத பொருள் மட்டும்: கல், நங்கூரம், படகு. அதற்கு ஒரு நிழல் கூரை போதும்.

#15 தூண்_உத்திரம்

மேடம் சொன்னதில் எனக்கும் வேலை குறைகிறது. கரையோர நிழல் கூரைக்குக்கூட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பார்க்க வேண்டும் தம்பி. உயர் அலைக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்பதை மேப்பில் குறித்துக் காட்டு. 2011 அறிவிக்கையிலும் 2019 அறிவிக்கையிலும் பாரம்பரிய, தொல்லியல் இடங்கள் மிகக் கடுமையான வகையில்தான் வருகின்றன. தேர்வாளர் கேட்காவிட்டாலும் நீ முந்திக்கொள். தூண்களை மரத்தில் யோசி, இல்லையென்றால் கல்லில். எஃகு வேண்டாம், ஐந்து வருடத்தில் அழுவாய்.

#16 கடைத்தெரு

நிழல் கூரைக்கு வேலி கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மத்தியானம் வலை பின்னுகிறவர்கள் அங்கே உட்காருவார்கள், பார்வையாளர் வந்து எழுப்பக் கூடாது.

#17 மணல்மேடு

ஆமாம் சார், பெட்டி மைதானத்தில்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். அடுத்த ரிவ்யூவுக்கு மூன்று இடமாகப் பிரித்துப் போடுகிறேன். தூண் சார், ஹெல்சிங்கோரின் 26,000 டன் கணக்கை வைத்து, நிலவறை ஏன் வேண்டாம் என்று ஒரு ஷீட்டே போடலாமா?

#18 தூண்_உத்திரம்

போடு. ஆனால் தரங்கம்பாடிப் பக்கத்துக்கு ஒரு போர்ஹோல் ரிப்போர்ட் (மண்ணைத் துளைத்துப் பார்த்த அறிக்கை) வாங்கி, உண்மையான நீர்மட்டத்தைப் பக்கத்தில் எழுது. டென்மார்க் கணக்கை மட்டும் எழுதினால் அவர் அதைத்தான் பிடிப்பார்.

#19 சுங்கந்தவிர்த்தான்

அதோடு ஒரு நீள வெட்டுப்படம். ஊர்வாசலிலிருந்து ராஜ வீதி, மைதானம், கோட்டை, மணல், அலை வரைக்கும் ஒரே தாளில், ஒரே அளவில். பேசுவதற்கு முன்னால் அதைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ரிவ்யூ முடிந்ததும் படத்தை இங்கே போடுங்கள், வேப்பமரம் ஐயா குறை சொல்லக் காத்திருக்கிறார்.